ஈரப்பதம் 60-க்குக் கீழே

நவம்பர் 9

பழைய ஃப்ளாப்பி டிஸ்குகள் உள்ள டப்பாவுக்குள் ஈரப்பதம் 79 சதவீதம், 60-க்குக் கீழே இறங்க வேண்டும். திறக்கவில்லை.

நவம்பர் 10

நம் பழைய கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு நாள் முடிவாகிவிட்டது. பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு, மயிலாப்பூர் மாடி ஹால். யார் எதைக் கொண்டுவருவது என்ற பட்டியல் சாயங்காலத்துக்குள் நீண்டுவிட்டது: மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் செய்த யூனிகார்ன், டெசிபெல்ஸ் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ், ஒரு எக்ஸ்டி பிசி, சில 386 பிசிகள், டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எல்லோரும் கேட்பது ஒன்றே: "பிளக்ல சொருகிப் பாத்துட்டு எடுத்துட்டு வரட்டா சார்?"

வேண்டாம். மூடியைக் கழற்றுங்கள், உள்ளே படம் எடுங்கள், அதோடு விடுங்கள். பரணில் முப்பது வருஷம் தாக்குப்பிடித்தது, கீழே இறக்கியவுடன் "ஓடுதா பாப்போம்" என்று கொடுக்கும் 230 வோல்ட்டில் போய்ச் சேர்கிறது. நம் கூட்டத்துக்கு விதி என்று ஒன்று எழுதினால் இது போதும். மீதியெல்லாம் டீ, வடை.

நவம்பர் 12

யூனிகார்ன் வந்தது. பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டரை உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502, 32 கே நினைவகம். 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தால் பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோ பழக்கமான முகம். மொகாலி ஆலை 1989-ல் தீக்கிரையானது, ஆகவே மிஞ்சிய ஒவ்வொன்றும் பத்திரம்.

அடியில் மூன்று ஸ்குரூ கழற்றினால் பவர் சப்ளை தனியாக வந்துவிடும். மெயின்ஸ் நுழையும் இடத்தருகே ரிஃபா கம்பெனி கண்டன்சர் இரண்டு: 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 ஒன்று. தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உறை முழுக்க மயிரிழை விரிசல். உள்ளே உலோகம் பூசிய காகிதம்தான். விரிசல் வழியே ஈரம் இறங்கும், காகிதம் உப்பும், விரிசல் இன்னும் அகலும். மெயின்ஸுக்குக் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் ஸ்விட்ச் போட்டுச் சில நிமிடத்தில் படபடத்து அறை முழுக்கப் புகை கக்கும். பெரும்பாலும் இயந்திரம் தப்பிவிடும். நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போகத்தான் நாளாகும். கடலோர ஊரில் ரிஃபாவைச் சோதித்துப் பார்ப்பதே வீண். கண்டால் கழற்ற வேண்டியதுதான்.

ரிச்சி தெருவில் "எக்ஸ்2, 275 ஏசி" என்று சொல்லிக் கேட்க வேண்டும். வெறுமனே "பாயின்ட் ஒன் கண்டன்சர்" என்றால் 400 வோல்ட் டிசி பாலியெஸ்டரை நீட்டிவிடுவார்கள். அளவு பொருந்தும், மெயின்ஸுக்குக் குறுக்கே ஆகாது. எக்ஸ்2 வகை பழுதானாலும் தீப்பிடிக்காத விதத்தில் செய்தது, உடம்பிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். கால் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

நவம்பர் 13

74.

நவம்பர் 16

யூனிகார்ன் போட்டவுடன் ஓலம், நின்றபாடில்லை. சவுண்டு சிப் அப்படித்தான். ரோம் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்துள்ள நிரல் ஓடி அதன் வாயை அடைக்கும்வரை கத்தும். ஓலம் நிற்கவில்லை என்றால் நிரல் தொடங்கவே இல்லை. சாக்கெட்டில் இருக்கும் ரோம்களை இரு முனையிலும் மாறி மாறி நெம்பி எடுத்து, சிப்பின் கால்களை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்து, திரும்ப அழுத்தியதும் ஒரு தாழ்ந்த ஓசை, பிறகு பீப். இதற்குமேல் இதைத் தொடக் கூடாது.

நவம்பர் 19

386 போர்டுகள். எல்லாவற்றிலும் அதே பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி, எல்லாமே கசிந்தவை. கசிவது காரம், எனவே பஞ்சில் வினிகர் தொட்டு வைக்க வேண்டும். நுரைப்பது அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐபிஏ. பச்சை படிந்த தடங்களைக் கண்ணால் நம்பக் கூடாது. மேல்பூச்சுக்கு அடியில் செம்பு கறுத்து அறுந்திருக்கும், மல்டிமீட்டரின் பீப்தான் சாட்சி. முதலில் கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம் பாருங்கள், கசிவு அங்கேதான் ஓடும்.

மாற்றாக சிஆர்2032 போடலாம், ஆனால் கூடவே ஒரு டயோடு கட்டாயம். பழைய போர்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யும். லித்தியம் செல்லை யாரும் சார்ஜ் செய்யக் கூடாது.

பவர் கனெக்டர் இரண்டையும் மாட்டும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இதை ஹால் சுவரிலேயே பெரிதாக எழுதி ஒட்டலாம்.

நவம்பர் 24

புயல் சின்னம். கரண்ட் போனது போனதுதான். டப்பாவில் ஈரம் உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் முழுக்க இளஞ்சிவப்பு. டப்பாவுக்குள் மறுபடி 77. எரிச்சல்.

நவம்பர் 26

சிலிக்கா ஜெல்லை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் நீலம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சு. சமையல் தட்டில் வறுக்கக் கூடாது, தட்டை அதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த முறை ஆரஞ்சு வகை. டப்பாவில் எண் மெல்ல இறங்குவதற்குக் காரணம் ஃப்ளாப்பி உறைகள். காகித உறை, உள்ளே பஞ்சுத் துணி, இரண்டும் நாள்கணக்கில் குடித்த ஈரத்தை நாள்கணக்கில்தான் விடும்.

டிசம்பர் 2

ஸ்பெக்ட்ரம். அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பது அநேகமாக எல்லாமே நடு பாசிட்டிவ். மாட்டினால் கதை முடிந்தது. கீழ் 16 கே-யில் உள்ள 4116 சிப்களுக்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும்: 1-ம் காலில் மைனஸ் 5, 8-ல் 12, 9-ல் 5, தரை 16-ம் கால். மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் சிப் சூடாகிச் சாகும். ஆகவே முதலில் அளக்க வேண்டியது மைனஸ் 5. அது இல்லையென்றால் உடனே அணைத்துவிட்டு, காயிலுக்குப் பக்கத்து டிரான்சிஸ்டரைப் பார்க்க வேண்டும்.

குரோம்பேட்டைத் தம்பி கேட்கிறார்: "அண்ணே, கேம் ஓடுமா?" ஓடும்பா.

டிசம்பர் 7

68. தொடவில்லை.

டிசம்பர் 11

14 அங்குல மானிட்டரில் சிஸ்ஸென்ற ஓசை. ஆனோடு மூடியைச் சுற்றி ஈரத் தூசி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத் துடைத்தால் சரியாகும். இறக்கத் தெரியாதவர்கள் பின்மூடியைக் கழற்ற வேண்டாம்.

டிசம்பர் 18

58.

பத்தரை மணிக்குத் திறந்தேன். பால்கனி, முகமூடி, கையுறை. எல்லாமே 5¼ அங்குலம், 360 கே. ஊதா மையில் "கடிதங்கள் 3". ஹெட் (டிரைவின் படிக்கும் முனை) தொடும் திறப்பின் வழியே பார்த்தால் கறுப்பு வட்டின்மேல் கோலமாவு சிந்தியதுபோல் பூஞ்சை. இத்தனை நாள் காத்திருந்தது இதற்காகத்தான்: ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்து உறங்கிவிட்டால் பொடியாக உதிரும். பூஞ்சையோடு டிரைவில் போடுகிறவர்கள் டிஸ்கையும் இழப்பார்கள், ஹெட்டில் ஒட்டியதைக் கொண்டு அடுத்த டிஸ்கையும் சுரண்டுவார்கள்.

எழுதாமல் தடுக்கும் வெட்டின்மேல் முதலில் ஸ்டிக்கர். உறையின் மேல் விளிம்பைப் பிளேடால் நீளவாக்கில் அறுத்து, வட்டை ஓரம் பிடித்து உருவி, லேபிள் பக்கம் எது என்று நடுத்துளையை ஒட்டி மார்க்கரால் ஒரு புள்ளி. அந்த வளையத்தில் தரவு கிடையாது. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நூல் பிரியாத துணி, அழுத்தம் இல்லாமல். பிறகு 99 சதவீத ஐபிஏ. மருந்துக் கடை 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம். துணியில் பழுப்பு ஏறினால் ஆக்சைடு உரிகிறது, நிறுத்து. பழைய உறையின் பஞ்சிலும் பூஞ்சை இருக்கிறது, எனவே திரும்பவும் அதற்குள் போடக் கூடாது. வேலைக்கு ஆகாத வேறு டிஸ்கின் உறையை அறுத்துச் செருகினேன்.

டிசம்பர் 20

ஒவ்வொரு டிஸ்குக்குப் பிறகும் ஹெட் துடைப்பு. சலிப்பில்லாமல்.

கிரீஸ்வீசில் என்ற ஃப்ளாப்பி படிக்கும் கருவி கோப்புகளைப் படிப்பதில்லை, காந்தத் திருப்பங்களையே பதிவு செய்கிறது. ஒருமுறை ஓட்டினால் போதும், பிறகு டிஸ்கைத் தொடாமலே எத்தனை தடவை வேண்டுமானாலும் அலசலாம். யூஎஸ்பி மின்சாரம் 5¼ டிரைவுக்குப் போதாது. மோட்டாருக்கு 12 வோல்ட், பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று பக்கத்தில். 1.2 எம்பி டிரைவில் 80 டிராக், டிஸ்கில் 40. ஒன்று விட்டு ஒன்று தாண்டச் சொல்ல வேண்டும். படிக்க இது சரி. எழுதக் கூடாது: ஒல்லி ஹெட் நடுவில் மட்டும் புதிதாக எழுதும், இரு ஓரத்திலும் பழையது மிஞ்சும், 360 டிரைவின் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

கீச் என்றால் அக்கணமே வெளியே.

"கடிதங்கள் 3": 720 செக்டரில் 11 போயிற்று. பரவாயில்லை. பரவாயில்லையா?

டிசம்பர் 23

கடிதங்கள் ஜிஸ்ட் அட்டையில் அடித்தவை. டாஸில் தமிழ் காட்ட ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகிய சி-டாக் அட்டை; கோப்பில் இருப்பது இஸ்கி, இந்திய மொழிகளுக்கான எழுத்துக் குறிமுறை. எந்தக் குறிமுறை என்று கண்டுபிடிக்க 194, 204, 219, 211, 232 என்ற ஐந்து பைட்டைத் தேடினேன். "தமிழ்" என்ற சொல். நாலாவது கோப்பிலேயே கிடைத்தது. இஸ்கியில் எல்லா மொழிக்கும் அதே எண்கள், எனவே கவனிக்காமல் மாற்றினால் கடிதம் நாகரியில் வரும். அதைத் திருத்துவது எளிது. யுனிகோடின் வரிசையே இஸ்கியைப் பின்பற்றியதுதான். 1999-க்குப் பிந்தைய டாப், டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறைக் கோப்புகளில்தான் வேலை: கண்ணால் பார்க்கும் வரிசையில் கொம்பு முன்னால் வரும், அதைப் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை. எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 29

ஞாயிறன்று எதை முன்னால் வைப்பது என்று இழுபறி. கேம் ஓடும் ஸ்பெக்ட்ரம்தான் கூட்டம் சேர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலருகே மேஜை டிஸ்க் படிக்கும் டிரைவுக்கு. ஸ்பெக்ட்ரம் அடுத்த வருஷமும் ஓடும். பீரோவில் கிடக்கும் ஃப்ளாப்பிகள் இன்னொரு ஐப்பசியைத் தாண்டுமா என்று யாராவது சொல்லட்டும்.

ஜனவரி 3

ஹாலில் பிளக் பாயின்ட் நாலே நாலு. மூன்றில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று.

ஜனவரி 6

61. ஏன்? மூடி சரியாக இறுகவில்லை.

ஜனவரி 8

ஹால்காரர் போன்: அன்றைக்குச் சாயங்காலம் ரிசப்ஷனாம், மூன்றரைக்குக் காலி செய்ய வேண்டுமாம். 386 இரண்டையும் பட்டியலிலிருந்து எடுக்கலாம். பிரிண்டரும் வேண்டாம், சத்தம். டிரைவ் மேஜைக்கு இரண்டு ஆள், ஒருவர் துடைக்க, ஒருவர் படிக்க. காலி உறைகள் இன்னும் இருபதாவது வேண்டும், பெரம்பூர் அண்ணனிடம் கேட்க