பசியைக் கேட்காமல் சாப்பிடுதல்

ஜனவரி 6

உயரம் 176 செ.மீ., எடை 54 கிலோ, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியெண் (பி.எம்.ஐ.) 17.4. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. அந்தக் கோட்டைத் தொட எனக்கு 57.3 கிலோ வேண்டும். பருமனானவரிடம் அவருடைய உடம்பைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள்கூட ஒல்லியானவனிடம் "காற்றடித்தால் பறந்துவிடுவாய்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். போகட்டும்.

மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். குறை ஒன்றும் இல்லை. காரணமில்லாமல் திடீரென்று இளைத்தவர்கள் எடை ஏற்றப் பளுப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

ஜனவரி 15

சாப்பிட்டதையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவந்ததில் சராசரி 2,300 கலோரி என்று தெரிகிறது. அதில் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இனி இதற்கு மேல் 400 கலோரி. வயிற்றைக் கேட்டால் போதும் என்றுதான் சொல்லும். 54 கிலோவுக்குப் பழகிய வயிறு வேறென்ன சொல்லும்? ஆகவே பசியிடம் யோசனை கேட்பதாக இல்லை. கடிகாரம் பார்த்துச் சாப்பாடு.

ஜனவரி 19

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. சமைத்த உணவின் மேல் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 120 கலோரி சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. சாலட்டை முதலில் சாப்பிடு, சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடி என்பதெல்லாம் இளைக்க நினைப்பவர்களுக்குச் சொன்னது. எனக்கு எல்லாம் தலைகீழ்: கனமானது முதலில், தண்ணீர் கடைசியில்.

மெல்லுவதைவிடக் குடிப்பது எளிது. கொழுப்பு நீக்காத பால் 300 மில்லி, ஓட்ஸ் 30 கிராம், ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய்: ஏறக்குறைய 500 கலோரி. ஓட்ஸை நேரே மிக்ஸியில் போட்டால் கரகரவென்று தொண்டையில் ஒட்டுகிறது. கால் மணி நேரம் பாலில் ஊறவைத்து அரைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நுரை அடங்கும்வரை காத்திருந்து குடிக்க வேண்டும். நுரையோடு விழுங்கினால் வயிறு காற்றால் நிரம்பி, அடுத்த வேளைச் சாப்பாட்டில் அதைக் கழித்துக்கொள்கிறது.

ஜனவரி 26

ஒரே வாரத்தில் 1.1 கிலோ! உடற்பயிற்சிக் கூடத்துக்கு எனக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். "தம்பி, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். இப்போதே புதுச் சட்டை வாங்கிவிடாதே" என்றார். சரிதான். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவம் கிளைக்கோஜன். தசையில் சேரும் அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. காலையில் எடை பார்ப்பேன், ஆனால் வாரச் சராசரியைத்தான் நம்புவேன்.

பிப்ரவரி 3

இன்று கிடைத்த யோசனை: தினமும் ஒரு கேலன் பால், அதாவது 3.8 லிட்டர். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய வழக்கம் இது. 2,300 கலோரிக்குக் குறையாது. எடை ஏறும், யார் இல்லை என்றது? வயிற்றுப்போக்கும் கொழுப்பும் கூடவே வரும். வேண்டாம்.

பிப்ரவரி 13

சராசரி அசையவே இல்லை. சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரிகூடக் குறையவில்லை. அப்படியானால் எங்கே போகிறது?

இதற்கு விடை 1999-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு 8 வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு 0.36 கிலோ மட்டுமே கூடியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. உடற்பயிற்சி அல்லாத அசைவுகள்தான் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம். சிலருடைய உடம்பு, கூடுதலாகப் போட்டதை அவர்கள் அறியாமலே நெளிந்தும் நடந்தும் எரித்துவிடுகிறது.

இன்று என்னையே கவனித்தேன். தொலைபேசியில் பேசும்போது கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் வலது குதிகால் தரையில் தங்குவதில்லை. பல் துலக்கும்போதுகூட உலாத்தல். சாப்பாட்டை ஏற்றிய பிறகு இது கூடியிருக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள் உறுதிசெய்தார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. காலைக் கட்டிப்போட முடியாது. ஆகவே இன்னும் 200 கலோரி. உடம்பு ஏமாற்றினால் நானும் விடப்போவதில்லை.

பிப்ரவரி 21

எல்லோரும் புரதம் புரதம் என்கிறார்கள். 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான தொகுப்பில், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. என் எடைக்கு அது 90 கிராமைத் தொடாது. பசியை அடக்குவதிலும் புரதம்தான் கெட்டிக்காரச் சத்து. ஒல்லியானவன் அதையே அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் மற்றதற்கு வயிற்றில் இடம் இருக்காது. டப்பா டப்பாவாகப் புரதப் பொடி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மார்ச் 2

ஸ்குவாட், அதாவது தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது: 60 கிலோ, செட்டுக்கு 5 முறை, 3 செட். தொடங்கியபோது பளு மாட்டாத 20 கிலோ இரும்புக் கம்பி, அந்த வெறும் பாரே தோளில் ஆடியது. தொடக்க மாதங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பின்னால்தான் வரும். கடைசி செட்டின் ஐந்தாவது முறை, பாதி தூரத்தில் பார் நின்றுவிட்டது. கண்ணாடியில் என் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்தது. அண்ணன் பின்னால் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார், தொடவில்லை. அடுத்த முறை 62.5.

மார்ச் 11

காய்ச்சல். மூன்று நாள் கஞ்சிதான். ஒரு கிலோ போயிற்று. கோபமாக இருக்கிறது.

மார்ச் 27

வாரச் சராசரி 57.6 கிலோ. கோட்டைத் தாண்டிவிட்டேன். இடுப்புச் சுற்றளவும் 2 செ.மீ. கூடியிருக்கிறது, எடை ஏறும்போது கொஞ்சம் கொழுப்பும் ஏறத்தான் செய்யும்.

தொல்லை என்னவென்றால், கனத்த உடம்புக்குச் செலவும் கூடுதல். போன மாதம் எடையை ஏற்றிய அதே சாப்பாடு இனி அதை நிறுத்திவைக்க மட்டுமே போதும். இலக்கு 64. நாளை முதல் இரவில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்பதரை மணிக்கு.