செவ்வாய்க்கிழமை எரிக்கும் ஓலை

கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் நாள் திருநீற்றுப் புதன். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோவாவில் கார்னிவல் என்று முகமூடியும் மேளதாளமுமாக ஊர்வலம் போகும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. இங்கே புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக, அன்றைக்குள் போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து முடிப்பார்கள். பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கையில் இருப்பதைத் தீர்த்துவிட்டுத் தவக்காலத்துக்குள் நுழைவது.

கார்னிவல் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன். இறைச்சியை அகற்றுவது என்று பொருள் சொல்வார்கள். முற்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்கக் கறி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று செவ்வாய்க்குள் சமைத்துத் தீர்த்தார்கள். இங்கிலாந்தில் அன்று முட்டையும் பாலும் மாவும் கலந்து தோசை மாதிரி சுடுவதும், பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாளைக் ‘கொழுத்த செவ்வாய்’ என்பதும் இதனால்தான். போர்த்துக்கலில் இதற்குப் பழைய பெயர் ‘எந்த்ரூது’, அதாவது நுழைவு. தெருவில் தண்ணீரும் மாவும் வீசி விளையாடுவார்கள். அதுதான் கோவாவுக்கு வந்து, சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள் மோமோ என்ற வேஷராஜாவின் ஆட்சி என்று கொண்டாடப்படுகிறது. மத்ரீத் நகரில் திருநீற்றுப் புதனன்று ஒரு சாளை மீனைச் சவப்பெட்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். கொண்டாட்டம் முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

நாள் கணக்கு கடற்கரைக்காரர்களுக்கு எளிது. மார்ச் 21-லோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் திருநீற்றுப் புதன். நடுவில் வரும் ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. இப்படி எண்ணும்போது அந்தப் புதன் அமாவாசையை ஒட்டியோ அதை அடுத்த வளர்பிறையின் முதல் வாரத்திலோதான் விழும். 2026-இல் பிப்ரவரி 18, 2027-இல் பிப்ரவரி 10. மிக முந்தி வந்தால் பிப்ரவரி 4.

அந்த பிப்ரவரி 4 நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மறக்க முடியாத தேதி. லிஸ்பனில் பிறந்த சேசுசபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22. எண்ணிப் பார்த்தால் அவர் இறந்த நாளே திருநீற்றுப் புதன். அதற்கு முந்தின நாள் அவர் பிறந்த ஊரில் எந்த்ரூது. ஓரியூர் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறவர்கள் இந்தப் பொருத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஓலை. உயிர்ப்புக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த பனங்குருத்தோ தென்னங்குருத்தோ, வருஷம் முழுக்க வாசல் நிலைக்கு மேலேயும் சுரூபத்துக்கு (திருச்சிலைக்கு)ப் பின்னாலேயும் செருகியிருக்கும். திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறே கோயிலில் சேர்த்துவிட வேண்டும். செவ்வாய் சாயங்காலம் கொண்டுவந்தால் உதவாது. கடல்காற்றில் ஓலை உப்பும் ஈரமும் ஏறி நமுத்துவிடும். ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்தால்தான் புகையாமல் எரியும். சிலுவையாக மடித்ததில் நைலான் நூலோ ரிப்பனோ கட்டியிருந்தால் முதலில் பிரித்தெடுங்கள். அது உருகிச் சாம்பலில் கட்டியாகிவிடும்.

வாடைக்காற்று படாத சுவர் மறைவில், இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரிக்க வேண்டும். சுவாலை அடங்கினதும் சட்டியை மூடிக் காற்றை அடைத்துவிடுவதுதான் இதில் நுணுக்கம். திறந்தே விட்டால் கனல் முழுதும் எரிந்து வெளுத்த சாம்பலாகும். நெற்றியில் நிறம் பிடிக்காது. மூடினால் கருப்பாகக் கரி நிற்கும். ராத்திரி முழுக்க ஆறட்டும். மேலே குளிர்ந்திருந்தாலும் அடியில் கங்கு இருக்கும். அவசரத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் டப்பா ஓட்டையாகும். ஆகவே திங்கட்கிழமை எரித்துச் செவ்வாய் இடிப்பதுதான் நல்லது. உரலில் இடித்துப் பழைய வேட்டித்துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்ய வேண்டும். துளி அளவு ஓலை நரம்பு ஒன்று தங்கினாலும் நெற்றியில் கீறும், தூள் ஒட்டாது. ஒரு சாக்கு ஓலைக்குச் சின்னச் சம்புடம் அளவுதான் தேறும். ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் என்பதால் அது தாராளம்.

தண்ணீர் ஊற்றிக் குழைக்கவே கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் தோலை அரிக்கும் காரமாகும். அதைக் கொண்டுதான் அந்தக் காலத்தில் துணி வெளுத்தார்கள். குழைத்து வைத்ததைப் பூசினால் குழந்தைகளுக்கு நெற்றி சிவந்து கொப்புளிக்கும். மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத் துளிகளே போதும். ஒட்டவில்லையென்றால் இரண்டு சொட்டு எண்ணெய். மீதித் தூளைச் சாக்கடையில் கொட்டாமல் கோயில் வளாகத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் புதன் விசைப்படகு கிளம்பும் நாள். கடலுக்குப் போகிறவர்களுக்காக விடியற்காலைப் பூசையிலேயே நீறு பூச ஏற்பாடு செய்வது அவசியம்.

சாப்பாட்டு விதி இது: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை எல்லோருக்கும் கடமை. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு ஈடாகக் கூடாது. அந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசனம். 14 வயதிலிருந்து இறைச்சி கிடையாது. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருசந்தி வேண்டாம்.

மீனுக்கு விலக்கில்லை. ஆனால் அந்த விதி, கறி தினமும் தின்ற நாட்டில் எழுதினது. தினமும் மீன் வேகும் நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சீலாக் குழம்பு வைத்துவிட்டுச் சுத்தபோசனம் என்று சொன்னால் விதி மீறினதாகாது, ஆனால் எதையும் விட்டதாகவும் ஆகாது. என் கருத்தில் மீன்சட்டியையும் கருவாட்டுப் பானையையும் செவ்வாய் ராத்திரியே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பருப்பும் முருங்கைக்கீரையும் போதும். மிச்சமாகும் மீன்காசைத் தவக்கால உண்டியலில் போட்டுவிடலாம்.