பசிஃபிகாவுக்குப் புது ஃபிரெட்

மார்ச் 8, 2025, சனி

இன்னிசைக் கச்சேரிகளில் லீட் வாசிக்கும் அண்ணன் ஒருவர் கிட்டாரை உறையோடு கொண்டுவந்தார். யமஹா பசிஃபிகா 112. கம்பியை அழுத்தும் ரோஸ்வுட் பலகை, அதாவது ஃபிங்கர்போர்டு; அதன் குறுக்கே பதித்த ஃபிரெட் என்கிற உலோகத் துண்டுகள் 22. "ரெண்டாவது ஃபிரெட்ல பி கம்பி ஜிர்ருங்குது தம்பி. முதல் அஞ்சை மட்டும் மாத்திக் குடு, போதும்" என்றார். யுகாதிக்கு ஓசூர் பக்கம் நிகழ்ச்சியாம். அப்படியென்றால் 30-ஆம் தேதிக்கு முன்னால் கையில் கொடுத்தாக வேண்டும்.

விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். மெல்லிய ஈ, பி கம்பிகளுக்குக் கீழே குறுகலான ஆழமான தடம். ஜி கம்பிக்குக் கீழே அகலமாக, தட்டையாக ஒரு தேய்மானம். இரண்டும் வேறு வேறு காரணத்தால் வருவது. பல கம்பிகளைச் சேர்த்துக் கார்டு பிடித்து அழுத்தியே வாசித்தால் குழி விழும். கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி இழுத்து வாசித்தால் அது ஃபிரெட்டின் நீளத்துக்குத் தேய்த்துக்கொண்டே போகும். அண்ணன் பாடகரின் சங்கதிகளை அப்படியே கம்பியில் இழுத்துக் காட்டுகிற ஆள். அதனால் 12 முதல் 15 வரையிலும் அதே கதை.

டெப்த் கேஜ் வைத்து அளந்தேன். இரண்டாவது ஃபிரெட்டில் பி கம்பிக்குக் கீழே 0.55 மி.மீ. உயரம்தான் மீதி. யாரும் போய்த் தொடாத 22-ஆவது ஃபிரெட்டில் 1.05. வெறுமனே சமன் செய்து கொடுத்துவிடலாமே என்றால், மிகக் குழிந்த இடம் எதுவோ அந்த அளவுக்கு மற்ற 21-உம் இறங்கியாக வேண்டும். அரை மில்லி உயரத்தில் விரல் நுனி மரத்தில்தான் உட்காரும், கம்பி பிடிக்கவே பிடிக்காது.

ஐந்தை மட்டும் மாற்றுவதும் நடக்கிற வேலைதான், நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் புது ஃபிரெட் 1.2 மி.மீ. உயரத்தில் வரும். பக்கத்தில் இருக்கிற பழையது 0.8. புதியதை 0.8-க்கு அறுத்து இறக்கினால்தான் ஒத்துப் போகும். காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கை அரத்துக்குத் தின்னக் கொடுக்கிற வேலை. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, மொத்தமா போட்டுடு" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

ஃபிரெட்டுக்கு எந்த உலோகக் கம்பி என்பதில் இன்று போனில் பேச்சு. சாதாரணமாக வருவது நிக்கல் சில்வர். தாமிரமும் துத்தநாகமும் 18 சதவீத நிக்கலும் சேர்ந்த கலவை, அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. கிட்டார் கம்பி எஃகு. இரண்டும் உரசினால் எது தேயும் என்று சொல்லத் தேவையில்லை. இவர் வாசிக்கிற வாசிப்புக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள் என்றேன். சத்தம் கூர்மையாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். ஆம்ப்ளிஃபயர், எஃபெக்ட், மண்டபத்து எதிரொலி எல்லாம் தாண்டி அந்த வித்தியாசம் யார் காதுக்கு எட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் கம்பிக்கு ஆர்டர் போட்டாயிற்று.

ஸ்டெயின்லெஸ் என்றால் பல பேர் தயங்குவதற்குக் காரணம் சத்தம் இல்லை, கருவிகள். நல்ல அரத்தையும் மொட்டையாக்கிவிடும், கட்டர் வாயைக் கடித்துவிடும். ஓசூரில் டூல் ரூம் வேலை பார்ப்பதால் வைர அரங்கள் எனக்குப் பழக்கம், அதனால் பயமில்லை.

மாலையில் ஊருக்கு வெளியே கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருக்கும் நண்பனிடம் போய்ப் பலகைத் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். பாரடைஸோ ரகம், ஊதாவும் பழுப்பும் அலையலையாக ஓடும். இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்! நேர்த்தன்மை பார்க்கும் ஸ்ட்ரெயிட் எட்ஜை அதன் மேல் நிறுத்தி, இடைவெளி அளக்கும் 0.03 மி.மீ. தகட்டை, அதாவது ஃபீலர் கேஜை, முன்னும் பின்னும் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் நுழையவில்லை. ஃபிரெட் சமன் செய்யும் அலுமினிய பாக்ஸ் பைப்பை இதன் மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து நேராக்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து லெவலிங் பீம் வாங்க வேண்டியதில்லை.

மார்ச் 15, சனி

பிடுங்கும் நாள். கம்பிகளைக் கழற்றி, நான்கு திருகுகளை எடுத்து, ஃபிங்கர்போர்டு இருக்கும் கழுத்துப் பகுதியான நெக்கைத் தனியாகப் பிரித்தாயிற்று.

ஃபிரெட்டைப் பிடுங்குவதில் பலம் காட்டக்கூடாது. சால்டரிங் அயர்னை ஃபிரெட்டின் மேல் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நகர்த்த வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் பசை இளகும், மரத்தில் இருக்கிற கொஞ்ச நஞ்ச எண்ணெயும் மேலே வரும். அப்போது ரோஸ்வுட்டிலிருந்து ஒரு இனிப்பு வாசனை வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். வாய் தட்டையாகத் தீட்டிய குறடை ஓரத்தில் நுழைத்து, இழுக்காமல், அழுத்த மட்டும் வேண்டும். குறட்டின் வாய் கூடக்கூட ஃபிரெட் தானாக மேலே ஏறும். மில்லி மில்லியாக அப்படியே அடுத்த ஓரம் வரை போக வேண்டும்.

ஃபிரெட்டுக்கு அடியில் பள்ளத்துக்குள் இறங்கும் பட்டையில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. மரத்தைக் கவ்வுவதற்காக வைத்தவை, வெளியே வரும்போது மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரப் பார்க்கும். ஏழாவதிலும் ஒன்பதாவதிலும் எவரோ முன்பு பசையைக் கொட்டி வைத்திருக்கிறார். அங்கே அரிசி முனை அளவுக்குச் சில்லு கிளம்பியது. கீழே விழுவதற்குள் சாமணத்தில் எடுத்து, அதே இடத்தில் வைத்து, ஃபெவிகுயிக் ஒரு சொட்டு. காய்ந்த பின் இடம் தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பலரும் அவசரமாகக் கடந்து போகிற கட்டம் இது: பலகையைத் திருத்துவது. பசிஃபிகாவின் ஃபிங்கர்போர்டு தட்டையானது இல்லை, 350 மி.மீ. ஆரம் உள்ள வளைவு. அதே வளைவில் ஒரு அலுமினியக் கட்டையை வேலை செய்யும் இடத்தில் மில்லிங் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கிவிட்டு, பலகை முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தேன். நடுவில் கோடுகள் சீக்கிரம் அழிந்தன. நெக் உடம்போடு சேருகிற இடத்தில், 16-க்கு மேலே, ஒரு மேடு. பலகையில் இருக்கிற மேட்டை ஃபிரெட் போட்ட பிறகு சரிசெய்யப் போனால் புது உலோகத்தைத்தான் வீணாக்க வேண்டியிருக்கும். பாதி மதியம் அந்த மேட்டுக்கே போய்விட்டது.

வேலை பார்க்கும்போது எதிர் வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். வீணை கற்றுக்கொண்டவர். "எங்களுக்கு மெழுகிலதான் மேளம் கட்டுவாங்க" என்றார். தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து, அதன் மேல் வீணையின் ஃபிரெட்டான 24 மெட்டுகளைப் பதிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். சுருதி கேட்டுக் கேட்டு மெட்டை முன்னே பின்னே நகர்த்த முடியும். அதற்குத் தேர்ந்த காது வேண்டும். கிட்டாரில் அந்தச் சலுகை இல்லை. கம்பிகள் நெக்கின் தலைப்பக்கம் உட்காரும் நட்டிலிருந்து உடம்பில் உட்காரும் பிரிட்ஜ் வரை 648 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37, முதல் ஃபிரெட் அங்கே. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் 12-ஆவது சரியாகப் பாதியில், 324-இல் வந்து நிற்கும். பள்ளம் வெட்டிய நாளிலேயே சுருதி முடிவாகிவிட்டது, அதில் நான் கைவைப்பதற்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அப்ப காது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 22, சனி

ஃபிரெட் கம்பி வந்துவிட்டது. பலகையின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக, 300 ஆரத்துக்கு வளைத்துக்கொண்டேன். ஓரங்கள் முதலில் மரத்தில் பிடித்து, நடுவை அடிக்கும்போது முட்கள் இரண்டு பக்கமும் விரிந்து கவ்வும். ஸ்டெயின்லெஸ் திரும்ப நிமிரப் பார்க்கும் குணம் உள்ளது, இந்தக் கூடுதல் வளைவு அதற்கும் ஈடு. நெக்குக்கு அடியில் மணல் பை, கையில் நைலான் தலை சுத்தியல். சரியாக உட்காராத வரை ஒரு மந்தமான சத்தம் வரும். உட்கார்ந்ததும் அடி கெட்டியாகக் கேட்கும். அக்கா கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

பள்ளத்தின் அகலத்தை அடிக்கடி அளப்பதற்கும் காரணம் உண்டு. அடிப்பட்டை தேவைக்கு மேல் தடித்திருந்தால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு ஆப்பு. 22 ஆப்பு வரிசையாக இறங்கினால் நெக் பின்பக்கமாக வளைந்துவிடும், பிறகு ட்ரஸ் ராடை எவ்வளவு தளர்த்தினாலும் நேராகாது. இதில் பள்ளம் 0.6, பட்டை 0.52. முட்கள் மட்டும் கவ்வுகிற இறுக்கம்.

ஓரங்களை வெட்டி 35 பாகையில் சாய்த்து அரம் போட்டேன். பழைய ஃபிரெட்டின் ஓரங்கள் கையைக் கீறுகிற அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாசி, பங்குனி வறட்சியில் பலகை சுருங்கிவிடும், உலோகம் சுருங்காது. இந்த வறட்சியிலேயே வெட்டிவிட்டதால் மழைக் காலத்தில் மரம் ஊறினாலும் நீட்டாது.

மார்ச் 23, ஞாயிறு

ஃபிரெட் தலைகளில் மார்க்கர் மையைத் தடவி, அலுமினிய பீமில் 400 நம்பர் தாள் ஒட்டி, கையின் கனம் மட்டும் கொடுத்து ஓட்டினேன். பலகையை ஒழுங்காகத் திருத்தியிருந்ததால் ஏறக்குறைய எல்லாத் தலையிலும் ஒரே நேரத்தில் மை போனது. நான்காவதும் பதினொன்றும் மட்டும் கொஞ்சம் பிந்தின. தட்டையான உச்சியை வைர அரத்தால் மறுபடி உருட்டும்போது, நடுவில் நூலிழை அகலத்துக்கு மை கோடு மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தொட்டால் உயரம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு 600, 1000, 2000, கடைசியில் ஸ்டீல் வூல். நெக் தனியாக இருப்பதால் ஸ்டீல் வூல் துகள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் கவலை இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பழைய ஃபிரெட்டுக்கு ஏற்ப வெட்டிய நட், புது உயரத்துக்குப் பள்ளமாகிவிட்டது. வெறும் கம்பியைத் தட்டினாலே முதல் ஃபிரெட்டில் உரசல். எலும்பு நட் ஒன்று வெட்டிப் போட்டேன். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தால் முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி. 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்: தடித்த ஈ 1.8 மி.மீ., மெல்லிய ஈ 1.5. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களை நகர்த்தி, 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தும்போது வரும் சுரமும் அங்கேயே லேசாகத் தொட்டால் எழும் ஹார்மோனிக்ஸும் ஒத்துப்போகும்படி வைத்தேன்.

மார்ச் 29, சனி

அண்ணன் வந்து ஒரு மணி நேரம் வாசித்தார். 14-ஆவதில் ஜி கம்பியை ஒன்றரை சுரம் இழுத்துப் பார்த்து, "வழுக்குதே தம்பி" என்றார். ஸ்டெயின்லெஸ்ஸில் உரசல் குறைவு, பழகும் வரை இழுப்பு எல்லை தாண்டிப் போகும். இரண்டாவது ஃபிரெட்டில் பி கம்பி சுத்தமாக ஒலிக்கிறது. பேசிய தொகைக்கு மேல் ஒரு பை பச்சை மாங்காய் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிகழ்ச்சி முடிந்து கிட்டார் பரிசோதனைக்கு வந்தது. நெக் லேசாக முன்னே வளைந்திருக்கிறது, எதிர்பார்த்ததுதான். ட்ரஸ் ராடில் கால் சுற்று கொடுத்தேன். ஃபிரெட்டுகளில் ஒரு தடமும் இல்லை. டி கம்பி மட்டும் இழுத்து விட்டால் சுருதிக்குத் திரும்பாமல் நின்றது, நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அடுத்து அவருடைய தங்கை மகனின் கிட்டாரைக் கொண்டுவருகிறாராம். அதில் ஐந்து ஃபிரெட் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்கிறார். அளந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றேன்.