ஐந்தாவது இன்ஜின்

எங்கள் தறிக்கூடத்தில் ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலைக் கொண்டுபோவது நாடா என்கிற ஓடம் கிடையாது, காற்று. சோமனூர்ப் பக்கம் ஏர்ஜெட் தறிகளுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வதுதான் பத்து வருஷமாக என் வேலை. அதனால்தானோ என்னவோ, ஜப்பானின் யூஎஸ்-2 கடல் விமானத்தைப் பற்றிப் படித்தபோது முதலில் அதன் கம்ப்ரஸர் மீதுதான் கண் போனது.

இறக்கைகளில் நான்கு புரொப்பல்லர் இன்ஜின்கள். அவை போக, உடலுக்குள் ஐந்தாவதாக ஒன்று. அது விமானத்தை ஓர் அங்குலம்கூட முன்னே தள்ளுவதில்லை. கம்ப்ரஸரைச் சுற்றுவது மட்டுமே அதன் வேலை.

கடலில் இறங்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வேகமாகப் போய் மோதினால் தண்ணீரும் சிமென்ட் தரையும் ஒன்றுதான். ஆனால் வேகம் பாதியானால் இறக்கையின் தூக்குவிசை கால்வாசிதான் மிஞ்சும். சரி, ஈடுகட்டலாம் என்று இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் பலகையான ஃபிளாப்பை ரொம்பவும் கீழே மடக்கினால், மேலே வழுக்கி வரும் காற்று அந்த வளைவில் திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதற்குத்தான் கம்ப்ரஸர். ஃபிளாப்பின் மேல் காற்றைத் தகடுபோல மெல்லிசாகப் பீய்ச்சுகிறார்கள். அது வளைவோடு ஒட்டிக்கொண்டு, வேகம் இழந்து நிற்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே திரும்புகிறது. மெதுவாகப் பறக்கும்போது வால் சுக்கான்களுக்கும் பிடிமானம் இருக்காது என்பதால் அங்கேயும் ஊதுகிறார்கள்.

கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சித் தூசு தட்டும் ஏர் கன் வைத்திருப்பவர்கள் இதைக் கையாலேயே உணரலாம். நான்கு அங்குல பிவிசி குழாயின் மேல்புறத்தைத் தொட்டும் தொடாமலும் கிடையாக ஊதினேன். காற்று நேரே போகவில்லை. குழாயின் மறுபக்கச் சரிவில் ஒரு நூலைப் பிடித்தேன். அது வளைவோடு படிந்து கீழ்நோக்கிப் படபடத்தது.

அதற்காகத் தனி இன்ஜின் எதற்கு? எஃப்-104 போர் விமானத்தில் முதன்மை இன்ஜினிலிருந்தே காற்றை எடுத்தார்கள். இறங்கும் நேரத்தில் இன்ஜினை அடக்கினால் ஊதும் காற்றும் படுத்துவிடும், அதோடு தூக்குவிசையும். அதனால் விமானி தரையைத் தொடும்வரை இன்ஜின் சுற்றைக் குறைக்க முடியாது. எனக்கு இது உடனே புரிந்தது. தறிக்குப் போகும் லைனிலேயே ஒருவர் துடைக்கக் காற்று எடுத்தால், பிரஷர் இறங்கி எங்கோ ஒரு தறியில் ஊடை பாதியில் நின்றுவிடும். காற்றுக்குத் தனி மூலம் வைத்த விமான வடிவமைப்பாளர் ஷிஸுவோ கிகுஹாரா குழுவினரை நினைத்தால் மரியாதை வருகிறது. யூஎஸ்-2இன் முன்னோடியாக 1967இல் பறந்த அவர்களுடைய பிஎஸ்-1 கடல் விமானத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு.

40 டன்னுக்கு மேல் எடையுள்ள யூஎஸ்-2, மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்திலும் விழாமல் பறக்கும். 3 மீட்டர் அலையிலும் இறங்கும். 2013 ஜூனில், ஜப்பான் கரையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் படகு மூழ்கி, ரப்பர் தெப்பத்தில் இருவர் தவித்தார்கள். ஒருவர் பார்வையற்ற படகோட்டி மிட்சுஹிரோ இவாமோட்டோ. முதலில் போன விமானம் அலையைப் பார்த்து இறங்காமல் திரும்பியது. அப்புறம் இன்னொரு யூஎஸ்-2 போய் இறங்கி, இருவரையும் ஏற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் அதே அலைகளிலிருந்து மேலேறியது. மேலேறவும் அந்த ஐந்தாவது இன்ஜினின் காற்று வேண்டும்.