கொத்து வரிசை

ஜூன் 3
வெவ்வேறு இடங்களில் வளர்ந்த நான்கு பெட்டைக் கோழிகளை இன்று ஒரே கொட்டகையில் விட்டேன். கருப்பி, செம்பி, புள்ளி, மொட்டைவால். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எம்பி எம்பி உதைக்கின்றன. உருவத்தில் பெரியது செம்பி. மொட்டைவாலை ஒரே கொத்தில் விரட்டிவிட்டது. இதுதான் தலைவியாகும், எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4
கணிப்பு தப்பு. கருப்பியோடு மோதும்போது செம்பிக்குக் கால் வழுக்கியது, அவ்வளவுதான். அப்புறம் தன்னில் பாதி இருக்கும் புள்ளி முறைத்ததற்கே தலையைத் தாழ்த்தி ஒதுங்கிவிட்டது. ஒருமுறை தோற்றது அடுத்த முறையும் தோற்கத் தயாராக இருக்கிறது. மீன், பூச்சிகளில்கூட இப்படித்தானாம். ஓரமாக நின்று பார்த்த மொட்டைவாலோ, கருப்பி பக்கத்தில் வந்ததும் சண்டையே போடாமல் வழிவிட்டது. தன்னை அடித்த செம்பியையே அடித்தவள் அல்லவா!

ஜூன் 9
சண்டை ஓய்ந்துவிட்டது. இப்போது ஒரு பார்வை போதும். கருப்பி எல்லோருக்கும் மேல். கீழேதான் சிக்கல்: புள்ளி செம்பியைக் கொத்துகிறது, செம்பி மொட்டைவாலை, மொட்டைவால் புள்ளியை! நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1922-இல் எந்தக் கோழி எதைக் கொத்தும் என்கிற கொத்து வரிசையைப் பற்றி எழுதியபோதே இந்த முக்கோணங்களையும் குறித்திருக்கிறார். சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் கணக்கெழுதியவர்.

ஜூன் 10
2002-இல் வெளியான ஒரு மீன் ஆய்வைப் படித்தேன். நான்கு நான்காகச் சேர்த்து, வரிசை அமைந்ததும் பிரித்து, அதே மீன்களை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலான குழுக்களில் வரிசை மாறிவிட்டது. பலம்தான் எல்லாம் என்றால் அதே வரிசையல்லவா வந்திருக்க வேண்டும்? செம்பியின் வழுக்கல் நினைவுக்கு வந்தது.

ஜூன் 12
கருப்பிக்குச் சளி. தனிக்கூண்டு.

ஜூலை 4
மூன்று வாரம் கழித்து இன்று திரும்ப விட்டேன். கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் வைத்துத்தான். முதலில் பாய்ந்தது செம்பி. இரண்டே உதையில் கருப்பி சுவரோரம் பதுங்கியது. செம்பி இறகை உதறிக்கொண்டு அப்படியே புள்ளி பக்கம் திரும்பியது. புள்ளி தீனித்தட்டை விட்டு இரண்டடி பின்வாங்கியது.