சித்தப்பாவின் மேல் பல்

2021 ஜூன். கொரோனாவிலிருந்து பிழைத்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, சித்தப்பா போனில், "மேல் பல்லு ரெண்டு ஆடுதுடா, கன்னம் மரத்துக் கெடக்கு" என்றார். படுத்து எழுந்த அசதியாக இருக்கும், ரெண்டு நாள் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ரெண்டு நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மூன்றாம் நாள் இடது கண் வீங்கி, மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வந்த பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினோம். மூக்குக்குள்ளிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மியூகார்மைக்கோசிஸ் என்றார்கள்.

டிவியில் 'கருப்புப் பூஞ்சை' என்றார்களே, அதுதான். ஆனால் கறுப்பு அந்தப் பூஞ்சையின் நிறமே இல்லை. மண்ணிலும் மக்கிய இலையிலும் பழைய பிரெட்டிலும் வளர்கிற ஜாதி அது, அதன் வித்துகள் நம் எல்லோர் மூச்சிலும் போய்வருகின்றன, உடம்பு பார்த்துக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டால் ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் எட்டாத சதை செத்துக் கறுக்கும்.

சரி, எதிர்ப்புச் சக்தி ஏன் படுத்தது? கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களை டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு காப்பாற்றியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்பதுதான் அதன் கணக்கு. சித்தப்பாவோ வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், ஏறிய சுகர் வெள்ளையணுக்களை மந்தமாக்கும். பதினைந்து வருட சுகர்காரர் அவர், அந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட யாரும் விரலைக் குத்திப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லியும் அனுப்பவில்லை. அட்மிட் ஆன அன்று 400-ஐத் தாண்டியிருந்தது.

அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் வந்துவிட்டது, 4,300 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். பூஞ்சையைக் கொல்கிற ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊர் ஊராக அலைந்தோம். அது ஏறும்போது குளிர் தூக்கிப் போடும், ரெண்டு போர்வைக்கு மேலே சித்தி படுத்து அமுக்கிக்கொள்வார். சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொட்டாசியத்தை இறக்கும் என்பதால் ரத்தம் எடுக்காத நாளே கிடையாது. மருந்து மட்டும் போதாது, செத்த சதையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். மேல் தாடையில் இடது பக்கம் போயிற்று. கண் தப்பியது.

சுகர் இருக்கிறவர்கள், கீமோ எடுக்கிறவர்கள், கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் யாராவது ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். என்னை மாதிரி ரெண்டு நாள் பார்க்காதீர்கள்.

இப்போது சித்தப்பா அண்ணத்தில் ஒரு பிளேட் மாட்டியிருக்கிறார், கழற்றினால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும். காலையில் காபிக்கு முன்னால் விரலைக் குத்தி, வருகிற எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்றைக்கு 118.