பொங் ஹாவ் கி: ஐந்து புள்ளியில் ஆடிப் பார்த்தது

சீனக் குழந்தைகள் தரையில் கோடு கிழித்து, கூழாங்கற்களைக் காய்களாக வைத்து ஆடும் பொங் ஹாவ் கி என்ற ஆட்டத்துக்கு ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளும் நடுப்புள்ளியும் போதும். மூலைவிட்டங்கள் இரண்டையும் வரைந்து, சதுரத்தின் மேல்பக்கக் கோட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். மேல்மூலைகளில் ஒருவருடைய இரு காய்களும் கீழ்மூலைகளில் மற்றவருடைய இரு காய்களும் நிற்கும். முறை வைத்து, கோட்டின் வழியே ஒரு காயைக் காலிப் புள்ளிக்கு நகர்த்த வேண்டும். வெட்டு கிடையாது. நகர வழியின்றி அடைபட்டவர் தோற்றவர். குவாங்டாங் மாகாணத்துச் சீனர்கள் இதை ஆடுவதை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் குலின் 1895-இல் பதிவு செய்திருக்கிறார். கொரியாவில் இதே ஆட்டம் உமுல் கோனு எனப்படுகிறது.

அட்டையில் கட்டம் வரைந்து, கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான்களை வைத்து அண்ணன் மகளுடன் ஆடத் தொடங்கினேன். அந்த ஒரு கோட்டை ஏன் விட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் பிடிபடாமல் இருந்தது. அதையும் வரைந்து ஆடிப் பார்த்தபோது ஆட்டம் முடியவே இல்லை. காரணம் எளியது: கோடு நிறைந்த சதுரத்தில் எந்த மூலை காலியானாலும் அதற்கு மூன்று வழிகள் உண்டு, எதிராளியிடம் இருப்பதோ இரண்டே காய்கள், ஆகவே ஒரு வழியாவது எப்போதும் நம் கையில் இருக்கும். மேல்கோட்டை அழித்தால்தான் மேல்மூலைகளுக்கு இரண்டு வழிகள் என்றாகி, அடைப்பதற்கு இடம் பிறக்கிறது.

தோல்வி நேரும் நிலையும் ஒன்றே ஒன்றுதான். கறுப்புக் காய்கள் இரண்டும் வலப்பக்கத்தில் மேலும் கீழுமாக நிற்க, வெள்ளை நடுவிலும் இடக் கீழ்மூலையிலும் நின்றால், இட மேல்மூலை காலியாக இருந்தும் கறுப்பால் அங்கே போக முடியாது. (இடம் வலம் மாறினாலும் இதே கதைதான்.) தன் இரு காய்களையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகச் சேர்க்கிறவர், எதிராளி விழிப்பாக இருந்தால் அடுத்த நகர்விலேயே அடைபடுவார். இதைத் தவிர்க்கத் தெரிந்த இருவர் ஆடினால் முடிவே வராது என்பதால், பெரியவர்களுக்கு இது சீக்கிரம் சலித்துவிடும் என்றே நினைக்கிறேன். யோசிக்க நேரம் தராமல் மளமளவென்று நகர்த்தும் குழந்தைகளிடம்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது.

தொடக்க நகர்வுகளையும் தாளில் எழுதிப் பார்த்தேன். யார் தொடங்கினாலும் இரண்டாம், மூன்றாம் நகர்வுகளுக்கு மாற்று வழியே இல்லை. நான்காவதில்தான் முதல் தேர்வு வருகிறது, அதில் எதைத் தேர்ந்தாலும் தோல்வி இல்லை. ஐந்தாவது நகர்வில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கியவருடைய முறையில்தான், முதன்முதலாகத் தவறு நேர முடியும். ஆறாவதில் ஆட்டம் முடிந்துவிடலாம். ஆகவே புதிதாகக் கற்கும் குழந்தையை இரண்டாவதாக ஆட வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.